அக்கூஸ்டிக் பியானோவுக்குப் பதிலாக டிஜிட்டல் பியானோ: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சென்னை, தூத்துக்குடி, புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் பெட்டி வடிவ) பியானோ வைத்திருக்கும் வீடுகள் ஏதோ ஒரு கட்டத்தில் அதைக் கைவிடும் நிலைக்கு வந்து சேர்கின்றன. உப்புக் காற்றில் தந்திகள் துருப்பிடிக்கின்றன. மழைக்காலத்தில் ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்புவதும், ஏ.சி. ஓடும் அறையில் மறுபடி சுருங்குவதுமாக இருப்பதால் சுருதி நிற்பதில்லை. தந்திகளை அடிக்கும் சுத்தியல்களின் ஃபெல்ட்டை, அதாவது கம்பளி உறையை, பூச்சி அரிக்கிறது. ஏறத்தாழ 230 தந்திகளையும் முறையாகச் சுருதி சேர்க்கத் தெரிந்த டியூனர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. 200 கிலோவுக்கும் மேற்பட்ட எடையை அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் ஏற்ற ஆள் கிடைப்பதும் எளிதன்று. இந்நிலையில் ‘ஒரு கீபோர்டு வாங்கிவிடலாம்’ என்ற முடிவு சுலபமாக எடுக்கப்பட்டுவிடுகிறது. எந்தக் கீபோர்டு என்பதில்தான் பணமும் பல ஆண்டுப் பயிற்சியும் வீணாகின்றன.

கடையில் ஒரு கருவியைப் பற்றி முதலில் சொல்லப்படும் செய்தி, அதில் எத்தனை நூறு ஒலிகள், எத்தனை தாளங்கள் இருக்கின்றன என்பதுதான். பியானோ வாசித்துப் பழகிய கைக்கு அந்தப் பட்டியலில் தேவைப்படுவது ஒரே ஒரு நல்ல பியானோ ஒலி மட்டுமே. ஆகவே இந்தக் கட்டுரை வேறொரு வரிசையைப் பின்பற்றுகிறது: பணத்தை முதலில் விரலால் அழுத்தும் கட்டைகளின் மேல் செலவிட வேண்டும், அடுத்து காலால் அழுத்தும் மிதியின் (பெடல்) மேல், அதற்கடுத்து ஒலியின் மேல், கடைசியாக ஸ்பீக்கரின் மேல். ஸ்பீக்கர் போதவில்லை என்றால் பின்னால் வெளியிலிருந்து ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். ஒலி அலுத்துவிட்டால் கணினியில் இயங்கும் பியானோ மென்பொருளை யு.எஸ்.பி. வழியாக இணைத்து வாசிக்கலாம், மிதியை மாற்றலாம். கட்டைகளை மட்டும் வாங்கிய பிறகு யாராலும் மாற்ற முடியாது.

அதற்கு முன்பாக, இருக்கும் பியானோ உண்மையிலேயே முடிந்துபோனதா என்பதை ஒரு டியூனரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது. பல ஆண்டுகள் தொடப்படாமல் கிடந்த பியானோ அபஸ்வரமாக ஒலிப்பதாலேயே அது பாழ் என்று பொருளில்லை. ஓரிரு முறை சுருதி சேர்த்து, ஃபெல்ட்டைச் சீர் செய்தால் தேறிவிடும் கருவிகள் உண்டு. தந்திகளை இழுத்துப் பிடிக்கும் முளைகள் தங்கள் துளைகளில் தளர்ந்து, சேர்த்த சுருதி சில வாரங்களுக்குள் இறங்கிவிடுகிறது என்றாலோ, ஒலிப்பலகை வெடித்து அதிர்வில் கரகரக்கிறது என்றாலோ, கரையான் உள்ளே புகுந்துவிட்டது என்றாலோதான் பழுதுபார்க்கும் செலவு புதிய டிஜிட்டல் பியானோவின் விலையைத் தாண்டும்.

எந்த வகைக் கருவி

தமிழ்நாட்டில் ‘கீபோர்டு’ என்றால் பெரும்பாலும் 61 கட்டைகள் கொண்ட, மெல்லிசைக் குழுக்களிலும் கீபோர்டு வகுப்புகளிலும் காணப்படும் கருவியையே குறிப்பிடுகிறார்கள். அது நல்ல கருவிதான். ஆனால் வேறு கருவி. அதன் கட்டைகளுக்குக் கீழே சிறு ஸ்பிரிங் அல்லது வளையும் பிளாஸ்டிக் மட்டுமே இருக்கும்; ஐந்து ஸ்தாயிகளோடு நின்றுவிடும். மின்சாரமின்றித் தந்தியால் ஒலிக்கும் அக்கூஸ்டிக் பியானோவின் 88 கட்டைகள் 27.5 ஹெர்ட்ஸிலிருந்து 4,186 ஹெர்ட்ஸ் வரை ஏழு ஸ்தாயிகளுக்கும் சற்று மேலாக விரிகின்றன. எளிய பாடங்களுக்கு 61 போதும் என்பது உண்மையே. ஆனால் ஏற்கெனவே பியானோ வாசித்துவந்தவர் சில நாள்களிலேயே இடக்கைப் பக்கம் கட்டை தீர்ந்துபோவதை உணர்வார். 76 கட்டைக் கருவிகளில் நல்ல எடையுள்ள கட்டைகள் கிடைப்பது அரிது என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

நாம் பார்க்க வேண்டிய வகைகள் மூன்று. முதலாவது, ஸ்டாண்டின் மேல் வைக்கும் தட்டையான டிஜிட்டல் பியானோ. யமஹா பி-145, பி-225, ரோலண்ட் எஃப்பி-10, எஃப்பி-30எக்ஸ், காசியோ பிஎக்ஸ்-எஸ்1100, கவாய் இஎஸ்120 ஆகியவை இந்த வகை. எடை 11 முதல் 15 கிலோ வரை இருக்கும், ஒருவரே தூக்கி வைத்துவிடலாம். இரண்டாவது, மரப் பெட்டியும் மூன்று மிதிகளும் சேர்ந்து வரும் நிலைப் பியானோ. யமஹா ஒய்டிபி வரிசை, கவாய் கேடிபி வரிசை போன்றவை. மூன்றாவது ஹைபிரிட்: உண்மையான பியானோவின் மரக் கட்டைகளும் சுத்தியல் பொறியும் உள்ளே இருக்க, தந்திக்குப் பதிலாக உணரிகள் (சென்சார்கள்) இருக்கும். யமஹாவின் அவான்ட்கிராண்ட், கவாயின் நோவஸ் ஆகியவை இதில் அடங்கும். பல லட்ச ரூபாய் ஆகும் என்பதால் பெரும்பாலானோர் முதல் இரண்டு வகைகளுக்குள்தான் தேட வேண்டியிருக்கும்.

நிலைப் பியானோ பார்வைக்குப் பழைய பியானோவை ஒத்திருப்பதால் உள்ளேயும் மேம்பட்டதாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. யமஹா ஒய்டிபி-145இல் இருப்பது அந்நிறுவனத்தின் தொடக்க நிலைக் கட்டை அமைப்பான ஜிஹெச்எஸ். அதற்கு அடுத்த ஒய்டிபி-165இல் ஜிஹெச்3 என்னும் மேம்பட்ட அமைப்பு இருக்கிறது. இங்கே கூடுதல் பணம் விரலுக்குப் போகிறது, கொடுக்கத் தகுந்தது. இதற்கு நேர்மாறாக, ரோலண்ட் எஃப்பி-10இலும் எஃப்பி-30எக்ஸிலும் இருப்பது ஒரே பிஹெச்ஏ-4 ஸ்டாண்டர்ட் கட்டை அமைப்பு. விலை வேறுபாடு ஸ்பீக்கர், ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் எண்ணிக்கை, இணைப்பு வசதிகள் ஆகியவற்றுக்கானது. ஹெட்ஃபோனில் மட்டுமே வாசிக்கப்போகிறவர் குறைந்த விலையுள்ளதை மனக்குறையின்றி வாங்கலாம். எந்த நிறுவனத்தின் கருவியானாலும், பக்கத்துப் பக்கமாக இருக்கும் இரண்டு மாடல்களுக்கிடையே பணம் எதற்குக் கூடுகிறது என்ற இந்த ஒரு கேள்வியை விற்பனையாளரிடம் கேட்டுப் பதிலை வாங்கிவிட்டால், விளம்பரத் தாளில் எஞ்சியிருப்பதைப் படிக்க வேண்டிய அவசியமே இராது.

கட்டைகளைச் சோதிக்கும் விதம்

1700ஆம் ஆண்டையொட்டி ஃபுளோரன்ஸ் நகரில் பார்டொலொமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய கருவி, தந்தியை மீட்டுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் அடித்தது. அதனால் விரலின் விசைக்கு ஏற்ப ஒலி மெலிந்தும் வலுத்தும் வந்தது. பியானோ வாசிப்பின் நயம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது. டிஜிட்டல் கருவியில் தந்தியும் இல்லை, அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும் விரலுக்குச் சுத்தியலின் பாரம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறு எடையை உள்ளே பொருத்துகிறார்கள். கட்டை இறங்கும் வேகத்தை உணரிகள் அளந்து, மின்னணு இசைக்கருவிகள் தம்முள் தகவல் பரிமாற 1983இல் வந்த மிடி முறைப்படி 1 முதல் 127 வரையிலான எண்ணாக மாற்றுகின்றன. அந்த எண்ணே ஒலியின் வலிமையைத் தீர்மானிக்கிறது.

விளம்பரங்களில் வரும் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘டச் சென்சிட்டிவ்’ என்றால் விசையை உணரும் என்று மட்டுமே பொருள். கட்டை காற்றாக இருக்கலாம். ‘செமி-வெயிட்டட்’ என்றால் ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கியிருக்கிறார்கள். ‘ஹாம்மர் ஆக்ஷன்’ என்று இருந்தால்தான் உள்ளே சுத்தியல் எடை இருக்கிறது. ‘கிரேடட்’ என்று சேர்ந்திருந்தால், உண்மையான பியானோவைப் போலவே இடப்பக்கக் கட்டைகள் பாரமாகவும் வலப்பக்கம் போகப்போக இலேசாகவும் இருக்கும்.

சொல்லை நம்பாமல் கையோடு பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடை சுமார் 7.7 கிராம். ஏழு நாணயங்களைச் சேர்த்தால் 54 கிராம் வரும். நல்ல நிலையிலுள்ள அக்கூஸ்டிக் பியானோவில், வலது மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடு ‘சி’ கட்டையின் (கட்டை வரிசையின் நடுப்பகுதியிலுள்ள ‘சி’) முன் விளிம்பில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினால், ஏறத்தாழ 50 கிராமில் கட்டை மெல்ல இறங்கத் தொடங்கும். கடையில் இதையே டிஜிட்டல் கருவியில் செய்து பாருங்கள். சுத்தியல் எடை உள்ள கட்டை ஏறத்தாழ இதே எடையில் அசையும். ஒருமுறை அசையத் தொடங்கியபின் ஒரே சீராக அடிவரை, அல்லது அடிக்குச் சற்று முன்பு வரை, இறங்கும். ஸ்பிரிங் கட்டை அப்படியன்று: குறைந்த எடையிலேயே சிறிது இறங்கி, பாதி வழியில் நின்றுவிடும், மேலும் ஒரு நாணயம் வைத்தால் மேலும் சிறிது இறங்கி மறுபடி நிற்கும். ஸ்பிரிங் அழுந்த அழுந்த எதிர்ப்பு கூடுவதே காரணம். பல ஊர்க் கடைகளில் வாங்க மறுக்கப்படும் நாணயத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது. வீட்டில் பழைய பியானோ இன்னும் இருந்தால், முதலில் அதில் சோதித்து, எத்தனை நாணயத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போவது சிறந்தது. நம் விரல்கள் பழகிய பாரம் எது என்பது புத்தகத்தில் இல்லை, அந்தப் பியானோவில்தான் இருக்கிறது.

அடுத்து, வெள்ளைக் கட்டையை முன் விளிம்பில் அழுத்திவிட்டு, பிறகு கறுப்புக் கட்டைகளுக்கு இடையே உள்ளே தள்ளி அழுத்திப் பாருங்கள். அக்கூஸ்டிக் பியானோவில் கட்டை நாம் காண்பதைவிட மிக நீளமானது. அதன் தாங்குபுள்ளி வெகு உள்ளே இருப்பதால் முன்னும் பின்னும் அழுத்தும் பாரத்தில் வேறுபாடு குறைவு. தட்டையான கருவிகளில் இடமின்மையால் கட்டை குட்டையாகிவிடுகிறது, உள்ளே அழுத்தும்போது கனக்கிறது. கறுப்புக் கட்டைகள் நிறைந்த ராகங்களையும் ஸ்கேல்களையும் வாசிக்கும்போது விரல் தானாகவே உள்ளே செல்லும் என்பதால் இது சிறு குறையன்று. 23 சென்டிமீட்டர் ஆழமே உள்ள காசியோ பிஎக்ஸ்-எஸ்1100 போன்ற மெல்லிய கருவிகளை வாங்க எண்ணுபவர்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். சிலருடைய கைக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியாது, சிலருக்கு மணிக்கட்டு வலிக்கும்.

மூன்றாவது சோதனை மறுஅடி. ஒரு கட்டையை முழுவதும் மேலே வரவிடாமல், பாதியிலிருந்தே மீண்டும் மீண்டும் வேகமாக அழுத்துங்கள். கிராண்ட் பியானோவில் இது முடியும். 1821இல் காப்புரிமை பெற்ற, செபாஸ்டியன் எரார்ட் உருவாக்கிய பொறியமைப்பு அதற்காகவே ஏற்பட்டது. டிஜிட்டல் கருவியில் கட்டைக்கு இரண்டு உணரிகள் மட்டும் இருந்தால் சில அடிகள் ஒலிக்காமல் போகும். மூன்று உணரிகள் உள்ள ரோலண்ட் பிஹெச்ஏ-4, யமஹா ஜிஹெச்3, கவாயின் ரெஸ்பான்சிவ் ஹாம்மர் II போன்றவற்றில் பெரும்பாலும் ஒலித்துவிடும். பழைய அப்ரைட் பியானோவில் பழகியவர்களுக்கு அதிலும் இந்த வசதி குறைவாகவே இருந்திருக்கும் என்பதால், இரண்டு உணரிகளே போதுமென்று தோன்றலாம். மேல்நிலைப் பாடங்களை நோக்கிச் செல்லும் மாணவருக்கு மூன்றையே பரிந்துரைப்பேன்.

கடைசியாக, ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு வேகமாக வாசித்து, கட்டைகளின் தட்டொலியைக் கேளுங்கள். ஹெட்ஃபோன் போட்டு வாசிப்பவருக்கு இது கேட்காது. பக்கத்து அறையில் தூங்குபவருக்கும், தரை வழியாகக் கீழ்வீட்டாருக்கும் கேட்கும். ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் ஓரளவு குறையும்.

மிதி

தட்டையான கருவிகள் பலவற்றுடன் இலவசமாக வரும் மிதி, அழைப்புமணிப் பொத்தான் அளவே உள்ள சிறு சுவிட்ச். அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. பியானோவின் வலது மிதி அப்படி வேலை செய்வதில்லை. பாதி அழுத்தினால் தந்திகளின் மேல், ஒலியை அடக்கும் ஃபெல்ட் இலேசாக உரசி, ஒலி முழுவதும் நிற்காமலும் முழுவதும் ஓடாமலும் தேயும். பாதி மிதியில் பழகிய காலுக்கு இந்த சுவிட்ச் ஒரு தண்டனை. ஆகவே, கருவி பாதி மிதியை ஏற்கிறதா என்று கேட்டு, ஏற்குமானால் அதற்குரிய நல்ல மிதியைக் கருவியுடன் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அந்தந்த நிறுவனத்தின் மிதியை வாங்குவதே பாதுகாப்பு. ஒன்றின் மிதியை மற்றொன்றில் செருகினால், அழுத்தும்போது ஒலி நின்று, விடும்போது நீளும் தலைகீழ் நிலை ஏற்படுவதுண்டு. வழவழப்பான தரையில் சிறு மிதி வாசிக்க வாசிக்க நகர்ந்துகொண்டே போகும். மூன்று மிதிகளும் ஒரு சட்டத்தில் பொருத்தப்பட்டு ஸ்டாண்டுடன் இணையும் அமைப்பு கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒலியைக் காதால் சோதித்தல்

பெரும்பாலான டிஜிட்டல் பியானோக்களின் ஒலி, ஏதோ ஒரு பெரிய கச்சேரிப் பியானோவைப் பல விசைகளில் அடித்துப் பதிவு செய்ததாகும். சில நிறுவனங்கள் ஒலியைக் கணக்கீட்டின் மூலமாகவே உருவாக்குகின்றன. எந்த முறை உயர்ந்தது என்ற விவாதத்தில் இறங்குவதைவிடக் கீழ்க்காணும் நான்கையும் காதால் பார்த்துவிடலாம். பார்க்குமுன், கருவியில் ரிவர்ப் என்னும் எதிரொலியை அணைத்துவிடுங்கள். கடைகளில் அது கூட்டியே வைக்கப்பட்டிருக்கும், குறைகளை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை.

ஒரே கட்டையை மிக மென்மையிலிருந்து மிக வலிமை வரை படிப்படியாக அடித்துக்கொண்டே போங்கள். ஒலி சீராகப் பிரகாசமடைய வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று வேறு கருவியாக மாறியதுபோல் குதித்தால், பதிவுகளின் எண்ணிக்கை போதவில்லை. அடுத்து, இடக்கோடியிலுள்ள ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடியே காத்திருங்கள். நல்ல அக்கூஸ்டிக் பியானோவில் அந்தத் தந்தி அரை நிமிடத்துக்குக் குறையாமல் அதிர்ந்து, தேய்ந்துகொண்டே நிறம் மாறும். மலிவான கருவியில் சில நொடிகளுக்குப் பிறகு ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிப்பதையோ, ஒலி சீக்கிரமே மங்கிவிடுவதையோ கேட்கலாம்.

மூன்றாவது, நடு ‘சி’யை ஒலி எழும்பாதபடி மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்தாயி கீழே உள்ள ‘சி’யை வலுவாக ஒரே அடி அடித்து உடனே விடுங்கள். அக்கூஸ்டிக் பியானோவில், நீங்கள் அடிக்காத நடு ‘சி’ தந்தி தானாகவே மெல்ல ஒலிக்கும். ஒத்த அதிர்வின் விளைவு அது. இதைப் போலச் செய்து காட்டும் டிஜிட்டல் கருவிகள் உண்டு, அறவே மௌனமாக இருப்பவையும் உண்டு. பழைய பியானோவை விட்டு வந்தவர்கள் ‘என்னவோ குறைகிறது’ என்று சொல்வது பல நேரங்களில் இதைத்தான்.

நான்காவது, பாலிஃபோனி எனப்படும், ஒரே சமயத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை. யமஹா பி-145இல் 64, ரோலண்ட் எஃப்பி-10இல் 96, யமஹா பி-225, காசியோ பிஎக்ஸ்-எஸ்1100, கவாய் இஎஸ்120 ஆகியவற்றில் 192, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸில் 256. இருப்பதோ பத்து விரல், 64 எதற்குப் போதாது என்று கேட்கலாம். மிதியை அழுத்தியபடி வாசிக்கும்போது முன்பு அடித்த ஸ்வரங்களும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. ஸ்டீரியோ பதிவில் ஒரு ஸ்வரத்துக்கே இரண்டு இடம் தேவைப்படலாம். இடக்கையால் ஒரு கீழ் ஸ்வரத்தை அடித்து, மிதியை விடாமல், மேலே வேகமான அடுக்குகளை ஓட்டிப் பாருங்கள். கீழ் ஸ்வரம் நடுவில் அறுந்தால் எண்ணிக்கை போதவில்லை. தொடக்கநிலை, இடைநிலை மாணவருக்கு 64ஏ பெரும்பாலும் தாங்கும். இந்த எண்ணுக்காகக் கட்டைகளின் தரத்தை விட்டுக்கொடுப்பது மட்டும் கூடாது.

ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும்

தட்டையான கருவிகளில் பக்கத்துக்கு 6 முதல் 11 வாட் வரையிலான ஸ்பீக்கர்கள் இருக்கும். படுக்கையறைக்குப் போதும், ஒலிப்பலகை முழுவதும் அதிர்ந்து அறையை நிறைத்த பழைய பியானோவுக்கு இது ஈடில்லை என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு வாங்க வேண்டும். கூடம் நிறைய ஒலிக்க வேண்டும் என்றால் பக்கத்துக்கு 20 வாட் உள்ள ஒய்டிபி-165, கேடிபி120 போன்ற நிலைப் பியானோக்களைப் பார்க்கலாம், அல்லது வெளி ஸ்பீக்கரை இணைக்கலாம்.

காதை முழுவதும் மூடும், கம்பியுள்ள ஹெட்ஃபோனே நல்லது. கட்டையை அழுத்துவதற்கும் புளூடூத் இயர்ஃபோனில் ஒலி வருவதற்கும் இடையே ஏற்படும் தாமதம் வாசிப்பையே குலைத்துவிடும். கருவியில் ‘புளூடூத் ஆடியோ’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் கைப்பேசியிலுள்ள பாட்டைக் கருவியின் ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்வதற்கே. ‘புளூடூத் மிடி’ என்பது செயலிகளுடன் இணைப்பதற்கு.

தேர்வுக்குப் படிப்பவர்களும் கர்நாடக இசை வாசிப்பவர்களும்

டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டங்கள் உள்ளன. வீட்டில் இடமில்லை என்று 61 கட்டைக் கருவியை வாங்கிவிட்டு, குழந்தையைப் பியானோ பாடத்திட்டத்திலேயே தொடரச் செய்வது நியாயமன்று. பிரிட்டனைச் சேர்ந்த ஏபிஆர்எஸ்எம் என்னும் இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வுகளில் டிஜிட்டல் பியானோவைப் பயன்படுத்த வேண்டுமானால் முழு அளவிலான, எடையுள்ள கட்டைகளும், தெளிவான பியானோ ஒலியும், மிதியும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. இரண்டிலும் நடப்பு ஆண்டு விதிகளை ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கலாம். நேரில் நடக்கும் தேர்வில் பெரும்பாலும் அக்கூஸ்டிக் பியானோதான் இருக்கும் என்பதால், தேர்வுக்கு முன்னதாக ஆசிரியர் வீட்டிலோ பள்ளியிலோ அதில் வாசித்துப் பழகுவதும் அவசியம்.

கர்நாடக இசை வாசிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கமகத்துக்கு உதவும் பிட்ச் பெண்ட் சக்கரம் டிஜிட்டல் பியானோக்களில் பொதுவாக இருக்காது. அதற்கெனத் தனியே ஒரு 61 கட்டைக் கருவி வைத்துக்கொள்வதே சரி. ஒரே கருவியில் இரண்டையும் தேடினால் இரண்டும் அரைகுறையாக அமையும். சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் வசதி மட்டும் எல்லாவற்றிலும் உண்டு.

கடைக்குச் செல்லும்போது

இணையத்தில் வரும் காணொளிகளை எத்தனை பார்த்தாலும் கட்டையின் பாரம் கண்ணுக்குத் தெரியாது. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1842 முதல் இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் உட்பட, அண்ணா சாலைப் பக்கத்துக் கடைகளில் பல நிறுவனக் கருவிகளை அடுத்தடுத்து வாசித்துப் பார்க்க முடிகிறது. வெளியூர்க்காரர்கள் ஒருநாள் பயணமாக வந்து பார்த்துவிட்டு ஊரில் வாங்கினாலும் அந்தப் பயணச் செலவு தகும். சொந்த ஹெட்ஃபோனைக் கொண்டுசெல்லுங்கள். புதிதாக எதையும் முயலாமல், நீங்கள் வீட்டில் வாசித்துத் தழும்பேறிய ஒரு பாடத்தையே ஒவ்வொரு கருவியிலும் வாசியுங்கள். விரல் விசைக்கு ஒலி எவ்வளவு எளிதில் வலுக்கிறது என்பதை மாற்றும் டச் அமைப்பு எல்லாவற்றிலும் நடுநிலையில் இருக்கட்டும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவு ஒன்றாக இருக்க வேண்டும். உரக்க ஒலிப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றுவது காதின் இயல்பு. நின்றுகொண்டு வாசிக்காமல், நாற்காலி கேட்டு உட்கார்ந்து வாசியுங்கள். கூச்சப்பட்டால் நட்டம் வாங்குபவருக்குத்தான்.

பயன்படுத்திய கருவி வாங்குவதாக இருந்தால் 88 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் மிக மென்மையாக அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் ரப்பர் தொடுமுனைகள் தேய்ந்திருந்தால் சில கட்டைகள் மெல்ல அழுத்தும்போது ஊமையாகும், அல்லது எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் உரக்கக் கத்தும். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய நிலைப் பியானோக்கள் அந்நாட்டின் 100 வோல்ட் மின்சாரத்துக்கானவை. உரிய டிரான்ஸ்ஃபார்மர் இன்றி நம் 230 வோல்ட்டில் செருகினால் அத்துடன் கதை முடிந்தது. புதியதாக வாங்கும்போதும் இந்திய உத்தரவாதச் சீட்டு உள்ளதா, உங்கள் மாவட்டத்துக்கு அருகில் சர்வீஸ் எங்கே என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடாப்டர் பழுதானால் அதே வோல்ட், அதே துருவ அமைப்பு உள்ளதையே வாங்க வேண்டும்.

நம் ஊரில் டிஜிட்டல் கருவிக்கு வரும் எதிரிகள் எறும்பும் கரப்பானும் தூசியும். வாசித்து முடித்ததும் துணியுறை போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே தேக்கும். கருவியின் மேல் காப்பி டம்ளரை வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஸ்டாண்டு வாங்கும்போது எக்ஸ் வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது. பலமாக வாசித்தால் ஆடும், முழங்காலையும் இடிக்கும். அந்தந்த மாடலுக்கென வரும் மர ஸ்டாண்டோ, மேசை வடிவ இரும்பு ஸ்டாண்டோ உறுதியானவை. வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 72 முதல் 74 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய பியானோவின் உயரத்தை டேப் வைத்து அளந்து அதற்கே பொருத்திவிட்டால், பழைய பெஞ்சும் உட்காரும் பழக்கமும் மாற வேண்டியதில்லை.

புதிய கருவி வந்த அன்றே பழையதை அனுப்பிவிட வேண்டாம். இடம் இருந்தால் சில வாரங்கள் இரண்டிலும் மாறிமாறி வாசித்து, டச் அமைப்பையும் ஒலியளவையும் கைக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்ளுங்கள். பிறகு பழைய பியானோவைக் கொடுப்பதானால் முதலில் டியூனரிடம் கேளுங்கள். உதிரிபாகங்களுக்காகவேனும் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும். யாரும் எடுக்கவில்லை என்றாலும் அதை வீட்டிலேயே கழற்ற முனையக் கூடாது. உள்ளே தந்திகளின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கும் மேல்; முளைகளை முறைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்தாமல் கட்டரை வைத்தால் அறுந்த தந்தி முகத்தைக் கிழித்துவிடும். அந்த வேலைக்கும் டியூனரையே அழையுங்கள், கூலியைச் செலவுக் கணக்கில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.